ஆனை நடந்த எல்லை

கீழ்வேளூர்ப் பக்கத்தில் ஆனைமங்கலம் என்றொரு ஊர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அந்த ஊரின் ஓரமாகவே ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு போனார்கள். யானையோடு சோழ அரசின் அதிகாரிகள் நடந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கூடவே நடந்தார்கள். யானை நடந்த தடம்தான் எல்லை. அந்தத் தடத்தில் கல் நட்டார்கள். கல் சாய்ந்தாலும் அடையாளம் போகாதபடி கள்ளியும் நட்டார்கள்.

சோழ நாட்டில் நிலம் தானமாகும்போது நடக்கிற சடங்குதான் இது. இந்த நிலம் யாருக்குப் போயிற்று என்பதில்தான் வியப்பு. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த ஒரு பௌத்த விகாரத்துக்கு அது போயிற்று. விகாரத்தைக் கட்டத் தொடங்கியவர் சுமத்ராவையும் மலாய்க் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணிவர்மன். முடித்தவர் அவருடைய மகன் மாறவிஜயோத்துங்கவர்மன். நிலம் கொடுத்தவர், தஞ்சையில் சிவனுக்குப் பெருங்கோயில் எழுப்பிக்கொண்டிருந்த முதலாம் இராஜராஜன். அவருடைய ஆட்சியின் 21ஆம் ஆண்டு, 92ஆம் நாள், தஞ்சாவூர் அரண்மனை மண்டபத்தில் இருந்தபோது பிறந்த உத்தரவு அது. நம் கணக்கில் ஏறத்தாழ 1006.

இவ்வளவு நுட்பமாக இது தெரியக் காரணம் 21 செப்பேடுகள். ஒரு பெரிய வளையத்தில் கோத்து, மேலே சோழ முத்திரை வைத்து, மொத்தம் சுமார் 30 கிலோ எடையில் இருக்கிறது அந்தக் கட்டு. ஐந்து ஏடுகள் வடமொழி, பதினாறு ஏடுகள் தமிழ். வடமொழிப் பகுதி சோழர் குலப் பெருமையையும், மேருவும் நாணும் உயரத்தில் எழுந்த விகாரத்தின் பெருமையையும் சொல்கிறது. அதை இயற்றியவர் ஓர் அந்தணர். தமிழ்ப் பகுதி வேலையைக் கவனிக்கிறது: எத்தனை வேலி நிலம், எத்தனை கலம் நெல், எந்த வாய்க்கால், எந்த வரப்பு. நிலம் 97 வேலிச் சொச்சம். அதிலிருந்து விகாரத்துக்குச் சேரவேண்டிய நெல் 8,943 கலத்துக்கு மேல். மீதியைத் தூணி, குறுணி, நாழி வரை இறங்கிக் கணக்குச் சொல்கிறது. பௌத்தப் பள்ளிக்குப் போகிற நெல்தானே என்று ஒரு நாழியும் விட்டுப்போகவில்லை.

கணக்குக்கு அடுத்தாற்போல் முக்கியமானது சாட்சி. சுற்றிலும் இருந்த ஊர்களின் ஆட்கள் எல்லையில் நடந்து, பார்த்து, எழுத்துக்கு ஒப்பம் இட்டார்கள். அவற்றில் அந்தணரின் பிரமதேய ஊர்களும் உண்டு. புத்தருக்குப் போகிற வயலின் எல்லையை வேதம் ஓதுகிற ஊரின் பிரதிநிதி ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார். நாளைக்கு அந்த எல்லையில் தகராறு வந்தால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பக்கத்து ஊர் சொல்ல முடியாது. மன்னரின் தாராளம் ஒரு நாள் காரியம். அந்த ஒப்பமோ தலைமுறைகளைக் கட்டிப்போடுகிற காரியம். நாகப்பட்டினம் பல சமயங்களைத் தாங்கி நின்ற கதையின் அடிப்படை இந்த ஒப்பத்தில் இருக்கிறது.

சோழர் வரிக்கணக்கில் இதற்கென்றே தனித் தலைப்புகள் இருந்தன. கோயிலுக்குப் போகிற நிலம் தேவதானம். அந்தணருக்குப் போவது பிரமதேயம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்குப் போவது பள்ளிச்சந்தம். அரசு மாறினாலும், மன்னரின் மனம் மாறினாலும், கணக்கெழுதுகிறவரின் ஓலையில் அந்தத் தலைப்பு இருந்துகொண்டே இருந்தது. ஒரு சமூகம் நாட்டில் நிலைப்பதற்குச் சகிப்பும் பரிவும் தேவைதான். ஆனால் அவை மனம் மாறினால் மாறிவிடக்கூடியவை. கணக்கேட்டில் ஒரு தலைப்பாக ஏறிய உரிமை அவ்வளவு எளிதில் மாறாது.

இராஜராஜன் தொடங்கியதைச் செப்பில் வெட்டி நிலைக்க வைத்தவர் மகன் இராஜேந்திரன். தந்தையின் வாக்கை மகன் உறுதி செய்கிற இந்த வழக்கம் அந்தக் காலத்து ஆவணங்கள் பலவற்றிலும் ஓடுகிறது. இந்த அறத்தைக் காப்பவனின் பாதத்தை என் தலைமேல் தாங்குவேன் என்று, இன்னும் பிறக்காத மன்னர்களை நோக்கிக் கொடையாளி வணங்குவதாகத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் முடிவது வழக்கம். தன் வம்சம் அழியும், வேறொருவன் வருவான், அவன் பகைவனாகவும் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள் எழுதிய வாசகம் அது.

கொடை ஒருபக்கமாகவும் ஓடவில்லை. நாகப்பட்டினத்துக் காயாரோகணசுவாமி கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால், ஸ்ரீவிஜய மன்னரின் முகவர்கள் அந்தச் சிவன் கோயிலுக்குத் திருப்பணி செய்திருக்கிறார்கள். கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள், விளக்கு வைத்திருக்கிறார்கள், நாகையழகர் திருமேனியை வெள்ளியில் செய்து கொடுத்திருக்கிறார்கள். சீனக்கனகம் என்ற பெயரில் சீனப் பொன்னும் அந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறது. சைவ மன்னர் பௌத்த விகாரத்துக்கு ஊர் கொடுக்கிறார். பௌத்த மன்னரின் ஆட்கள் சிவன் கோயிலுக்குப் பொன் கொடுக்கிறார்கள். ஒரே ஊரில் இரண்டும் நடந்தன.

இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 1025இல் இராஜேந்திரன் கப்பற்படை அனுப்பி ஸ்ரீவிஜயத்தைத் தாக்கினான். கடாரம் கொண்டான் என்ற பட்டம் அதனால் வந்தது. கடாரத்து மன்னன் சிறைப்பட்டான். இப்படியொரு போருக்குப் பிறகு எதிரி நாட்டான் கட்டிய விகாரத்துக்கு என்ன ஆகியிருக்கும்? அது அப்படியே நின்றது. சுமார் 65 ஆண்டு கழித்து, 1090 வாக்கில், கடாரத்து அரசரின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, விகாரத்துக்குரிய ஊர்களின் வரிவிலக்கைச் செப்பேடாக எழுதித் தரக் கேட்டார்கள். கிடைத்தது. மூன்று ஏடுகள் கொண்ட அந்தச் சிறிய செப்பேடு, விகாரத்தை இராஜராஜப் பெரும்பள்ளி என்று சோழப் பேரரசனின் பெயராலேயே குறிக்கிறது. இராஜேந்திர சோழப் பெரும்பள்ளி என்று இன்னொன்றும் இருந்தது. கடாரத்தை வென்றவனின் பெயரைத் தாங்கியபடி ஒரு பௌத்தப் பள்ளி நாகையில் நடந்துகொண்டிருந்தது.

ஊர்மக்களின் கண்ணில் அந்தப் பள்ளி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு செப்புத் திருமேனி சாட்சி. நாகையில் கிடைத்து, இன்று நியூயார்க் ஆசியா சொசைட்டியின் தொகுப்பில் இருக்கிற புத்தர் அது. நின்ற கோலம், அமைதியான முகம். பீடத்தில் தமிழ் எழுத்து. அந்த எழுத்து புத்தரை ‘ஆழ்வார்’ என்கிறது. விகாரத்தை ‘ஆழ்வார் கோயில்’ என்கிறது. திருவிழாவில் எழுந்தருளச் செய்வதற்காக இந்தத் திருமேனி செய்யப்பட்டது என்று சொல்கிறது. பொற்கொல்லரின் அக்கசாலைப் பெரும்பள்ளியையும் குறிப்பிடுகிறது. அதாவது நாகையில் புத்தர் உற்சவர். பெருமாளும் அம்பாளும் போல அவரும் வீதி உலா வந்தார். அந்தச் சொல்லை எழுதிய கைக்கு அது கடன் வாங்கிய சொல்லாகத் தோன்றியிருக்காது. அந்த ஊரில் தெய்வத்தை அழைக்க மக்கள் வாயில் இருந்த சொல் அது, அவ்வளவுதான்.

அதற்காக எல்லாரும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. நாகைக் காயாரோகணத்தைப் பாடிய திருஞானசம்பந்தர், தம் பதிகங்களின் பத்தாம் பாடலைப் பெரும்பாலும் சமணரையும் சாக்கியரையும் கண்டிக்கவே ஒதுக்கினார். திருமங்கையாழ்வார் நாகை விகாரத்துப் பொன் புத்தரைக் கவர்ந்துபோய், அந்தப் பொன்னைக் கொண்டு திருவரங்கத்து மதில் கட்டினார் என்று வைணவக் குருபரம்பரைக் கதை பெருமையோடு சொல்கிறது. வாதம் இருந்தது, வசை இருந்தது, பொறாமையும் இருந்தது. பாட்டிலும் பட்டிமண்டபத்திலும் அனல் பறந்தாலும், நெற்கணக்கில் ஒரு நாழி குறையாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருந்தது. பன்மை நிலைக்க ஒருமித்த கருத்து தேவைப்படவில்லை. சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வாழ ஒரு முறை தேவைப்பட்டது.

அந்த முறையைக் கடல் கட்டாயமாக்கியது. பாய்மரக் காலத்தில் வணிகன் வந்த உடனே திரும்ப முடியாது. ஒரு பருவக்காற்றில் வந்தவன் அடுத்த காற்றுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் அவனுக்குத் தங்க இடம், கும்பிடக் கோயில், செத்தால் அவன் முறைப்படி எரிக்கவோ புதைக்கவோ ஒரு நிலம், கடன் கொடுத்தவன் ஏமாற்றினால் முறையிட ஓர் அவை, எல்லாம் வேண்டும். இவை இல்லாத துறைக்குக் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் அரசனுக்குச் சுங்கம் இல்லை.

நாகைக்காரர்களும் வெளியூரில் அதையே எதிர்பார்த்தார்கள். தமிழ் வணிகரின் ஐந்நூற்றுவர் கணம் சுமத்ராவின் பாருஸில் 1088இல் தமிழ்க் கல்வெட்டு வெட்டியிருக்கிறது. சீனத்துச் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு சிவன் கோயிலைப் பற்றிச் சொல்கிறது. அன்னிய மண்ணில் தன் சாமிக்கு இடம் கேட்கிறவன், தன் ஊரில் அன்னியனின் சாமிக்கு இடம் இல்லை என்று சொல்ல முடியாது. இதே முறையின் இன்னொரு சான்று மேலைக் கரையில் கொல்லத்தில் இருக்கிறது. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் ஒரு கிறித்தவப் பள்ளிக்குச் சேர நாட்டு வேணாட்டு அதிபர் கொடுத்த உரிமைக்குச் சாட்சியாக அரபு எழுத்திலும், பாரசீகப் பகலவி எழுத்திலும், யூதரின் எபிரேய எழுத்திலும் ஒப்பங்கள் இருக்கின்றன. அன்றைய துறைமுகங்களின் இலக்கணம் அது.

சோழர் ஆட்சி 1279இல் முடிந்தது. ஸ்ரீவிஜயமும் கரைந்தது. கடல் வணிகத்தின் கைகள் மாறின. நாகை விகாரத்துக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்த ஆதரவு வற்றியது. உள்ளூரில் அதைக் கொண்டாட ஆள் குறைந்தார்கள். 1476இல், பர்மாவின் பெகு நாட்டு மன்னன் தம்மசேதி இலங்கைக்கு அனுப்பிய துறவிகளில் சிலர் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து கரையேறி, நடந்து நாகப்பட்டினம் வந்தார்கள். அவர்கள் கண்டது ஒரு பழைய விகாரம் இருந்த இடத்தையும், சீன மன்னன் அமைத்ததாகச் சொல்லப்பட்ட குகையில் ஒரு புத்தர் உருவத்தையும். வணங்கிவிட்டுப் போனார்கள். பெகுவின் கல்யாணிக் கல்வெட்டு இதைப் பதிவு செய்திருக்கிறது.

அதற்குப் பிறகு இந்தக் கரைக்கு வேறு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நாகையில் குடியேறினார்கள். 1658இல் அவர்களைத் துரத்திவிட்டு டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1690இல் டச்சுக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமே பழவேற்காட்டிலிருந்து இங்கே மாறியது. 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். உள்நாட்டில் தஞ்சையோ நாயக்கரிடமிருந்து மராத்தியருக்குப் போயிற்று. கொடிகள் இத்தனை மாறியும், ஆனைமங்கலத்தில் பார்த்த அந்தப் பழைய பழக்கம் மாறவில்லை: முந்தையவர் கொடுத்ததைப் பிந்தையவர் உறுதி செய்வது. நாயக்கர் டச்சுக்காரருக்குக் கொடுத்த உரிமையை, நாயக்கருக்குப் பின் தஞ்சையைப் பிடித்த மராத்திய மன்னர் ஏகோஜி 1676 டிசம்பரில் வெள்ளித் தகட்டில் தமிழில் எழுதி உறுதிப்படுத்தினார். நாகப்பட்டினத்தோடு அந்தோணிப்பேட்டை, மஞ்சக்கொல்லை முதலான பத்து ஊர்கள் அந்த உரிமையில் அடக்கம். வடக்கே தரங்கம்பாடியில் டென்மார்க்காரருக்கு இடம் கொடுத்த இரகுநாத நாயக்கர், 1620இல் அவர்களுடைய மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் ஓலை அனுப்பியிருந்தார். செம்பு, வெள்ளி, தங்கம் என்று உலோகம் மாறியது. வந்தவனின் உரிமையை எழுதிக் கொடுத்துவிடுகிற பழக்கம் அப்படியே இருந்தது.

இந்தக் கொடிமாற்றங்களுக்கு நடுவேதான் நாகூர் வளர்ந்தது. வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடு சுற்றி, 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்து அடங்கியவர் இஸ்லாமிய இறைநேசர் சாகுல் ஹமீது. தஞ்சை நாயக்க மன்னரின் தீராத நோயை அவர் தீர்த்தார் என்றும், மன்னர் நன்றியாக நிலம் கொடுத்தார் என்றும் அவர் அடங்கிய தர்காவின் வரலாறு சொல்கிறது. கப்பலோட்டிய மரைக்காயர்களுக்கு அவர் கடலில் காக்கும் ஆண்டவர். கப்பலில் ஓட்டை விழுந்தபோது, முகம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியை நாகூரில் இருந்தபடியே எறிந்து அடைத்தார் என்ற கதையை இன்றும் கடற்கரையில் சொல்கிறார்கள்.

தர்காவின் ஐந்து மினாராக்களில் உயர்ந்தது 131 அடி. அதைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங், 1739 முதல் 1763 வரை ஆண்டவர். அவருடைய மகன் துளஜா தர்காவுக்கு ஊர்களை மானியமாக எழுதிவைத்தார். சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜியின் வழிவந்த குடும்பம், நாயக்கர் தொடங்கியதாகச் சொல்லப்படும் கொடையைத் தொடர்ந்தது. நாகூர் ஆண்டவரின் புகழ் கப்பலேறிப் போயிற்று. பினாங்கிலும், சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் அவர் பெயரால் நினைவிடங்கள் எழுந்தன. சிங்கப்பூரில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. எட்டு நூற்றாண்டுக்கு முன் கடாரத்து மன்னர் நாகையில் செய்ததை, நாகூர் மக்கள் கடாரத்துக் கரையில் செய்தார்கள்.

தெற்கே வேளாங்கண்ணி. மோர் விற்ற கால் ஊனமான சிறுவனுக்கு மாதா காட்சி கொடுத்ததாகவும், புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் கரைசேர்ந்து நன்றிக்காகக் கோயில் கட்டியதாகவும் அங்கே வழங்கும் வரலாறு. ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் திருவிழா முடியும். காவி உடுத்திக்கொண்டு நடந்தே வருகிறவர்களில் கிறித்தவர் யார், மற்றவர் யார் என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டு ஊர்க் கடைகளையும் ஒரே நாளில் பார்க்கிறவருக்கு ஒன்று கண்ணில் படும். நாகூர் தர்கா வாசலில் மெல்லிய வெள்ளித் தகட்டில் கை, கால், கண், வீடு, தொட்டில், கப்பல் எல்லாம் வெட்டி விற்கிறார்கள். கை வலி தீர்ந்தவர் கைத் தகடு வாங்குவார். வீடு வேண்டுகிறவர் வீட்டுத் தகடு வாங்குவார். வேளாங்கண்ணியிலும் அதே உருவங்கள் காணிக்கையாகின்றன. மொட்டை போடுவது அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு, வைத்தீசுவரன் கோயிலிலும் உண்டு. நேர்த்திக்கடன் செலுத்துகிற முறை மூன்று சமயங்களுக்கும் பொதுச் சொத்து. மதம் மாறாமலே இன்னொருவர் வாசலில் நின்று வேண்ட முடிகிற மொழி அது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மூன்று இடத்துக்கும் நேர்ந்துகொள்கிற அம்மாவுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியாது.

இத்தனைக்கும் நடுவே அந்தப் பழைய விகாரத்தின் ஒரு கோபுரம் மட்டும் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தது. ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். டச்சுக்காரர்கள் சீனக் கோபுரம் என்றார்கள். 1846இல் அதைப் பார்த்து வரைந்தும் எழுதியும் வைத்தவர் வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி. மூன்று நிலை, செங்கல் கட்டுமானம், உள்ளே தளங்கள் இடிந்து வெறும் கூடு. கரை நோக்கி வருகிற மாலுமிகளுக்கு அது அடையாளக் கோபுரமாகப் பயன்பட்டது. கும்பிட ஆள் இல்லை. திருவிழா இல்லை. மானியத்தைக் கேட்க ஒருவரும் இல்லை.

அந்த இடத்தில் இயேசு சபையினர் கல்லூரி நடத்தினார்கள். கட்டடத்தை விரிவாக்க வேண்டும், கோபுரம் இடையூறாகவும் ஆபத்தாகவும் இருக்கிறது என்று அரசிடம் அனுமதி கேட்டார்கள். 1867இல் அரசின் அனுமதியோடு கோபுரம் இடிக்கப்பட்டது. செங்கல் புதுக் கட்டடத்துக்குப் பயன்பட்டது. அந்தக் கல்லூரியும் 1883இல் திருச்சிக்குப் போய்விட்டது. அந்த வட்டாரத்து மண்ணிலிருந்து 1856 தொடங்கி 1930கள் வரை சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பெரும்பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கும், மற்றவை உலகின் பல மூலைகளுக்கும் போயின.

எண்ணூறு ஆண்டு நின்ற கோபுரம் போரிலோ மதக்கலவரத்திலோ விழவில்லை. கோபமாக வந்த கூட்டம் அதை உடைக்கவில்லை. கோப்பு ஒன்று நகர்ந்தது, உத்தரவு வந்தது, விழுந்தது. ‘இது எங்களுடையது’ என்று சொல்ல ஊரில் ஒரு குடும்பம்கூட மிஞ்சியிருக்கவில்லை. ஆனைமங்கலத்து எல்லையில் அன்று ஒப்பம் இட்டவர்களின் வாரிசுகளுக்கு அது யார் கோயில் என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு சமூகம் தன் ஊரில் மற்றவர்களோடு கொடுக்கல் வாங்கல் அற்றுப்போன பிறகு, அதன் கல்லும் செங்கல்லும் மட்டும் அதைக் காப்பாற்ற முடியாது என்பதை நாகை இப்படிக் கண்டது.

பெருமையாகச் சொல்லக்கூடிய இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. யானை நடந்த எல்லைக்குள் வயலில் இறங்கி உழைத்தவர்கள் அந்தச் செப்பேட்டில் ஒப்பம் இட்டவர்கள் அல்லர். 8,943 கலம் நெல்லை விளைவித்த கைகள் ஏட்டில் பெயரில்லாமல் இருக்கின்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே தீண்டாச்சேரி என்ற சொல் வருகிறது. ஒவ்வொரு சமயத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்த அதே கணக்கேடு, ஒவ்வொரு சாதிக்கும் அசைக்க முடியாத ஓர் இடத்தையும் ஒதுக்கிவைத்தது. பெருமாளும் புத்தரும் ஆண்டவரும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பண்ணையாள் மட்டும் ஊருக்கு வெளியே இருந்தார்.

அதன் விலை 1968 டிசம்பர் 25 இரவில் தெரிந்தது. ஆனைமங்கலம் இருக்கிற அதே கீழ்வேளூர் வட்டாரத்தில் இருக்கிறது கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த தலித் விவசாயத் தொழிலாளர்களின் சேரியில், ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களை வைத்து எரித்தார்கள். செத்தவர்கள் 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டனை பெற்ற நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார்கள். பன்மைக்குப் பேர்போன ஒரு மண்ணில் இது நடந்தது. வெளியிலிருந்து வந்த வணிகனுக்கு உரிமை எழுதிக்கொடுக்கத் தெரிந்த சமூகம், உள்ளேயே இருந்த உழைப்பாளிக்கு எழுதிக்கொடுக்க மறுத்தது. நூற்றாண்டுக் கணக்கில் ஆட்டம் காணாமல் நின்ற அந்த ஒழுங்கின் ஒரு பகுதி, வாய் திறக்க முடியாதவர்களின் மௌனத்தின் மேல் நின்றது.

கடற்கரையில் மீனவருக்கு ஒரு பிடியாவது இருந்தது. நாகை நுளைப்பாடியில் வாழ்ந்த மீனவர் அதிபத்தர் அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர். நாள்தோறும் வலையில் வரும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். வறுமையில் வாடிய நாளில் பொன்மீன் கிடைத்தபோதும் விட்டவர். ஆவணி மாதம் அவருடைய விழாவில் காயாரோகணசுவாமி கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். மீனவர்கள் படகில் கடலுக்குள் போய்ப் பொன்மீனை வலையில் இட்டு எடுத்துவந்து படைக்கிறார்கள். அன்று சாமி மீனவரைத் தேடிக் கரைக்கு வருகிறார். இந்த ஒரு நாள் மரியாதையை அந்தச் சமூகம் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வயல்வெளிச் சேரிகளுக்கு இப்படி ஒரு பிடி கிடைக்காமல் போனதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோயிற்று. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பயணிகள், கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள், நாகூர் மக்கள் என்று உடல்கள் கலந்து கிடந்தன. அடக்கம் செய்ய இடம் போதவில்லை. நாகூர் தர்கா தன் நிலத்தைக் கொடுத்தது. எந்த உடல் எந்த மதம் என்று பார்க்க அவகாசமும் இல்லை, பார்க்க நினைத்தவரும் இல்லை. கடல் வழி வந்தவனுக்குச் சாவு நேர்ந்தால் புதைக்க ஒரு நிலம் வேண்டும் என்று பாய்மரக் காலத்தில் தொடங்கிய கடமை, அன்று சொந்த ஊராருக்கே தேவைப்பட்டது.

இராஜேந்திரன் முத்திரையிட்ட செப்பேடுகளை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு டச்சுக்காரர் ஹாலந்துக்குக் கொண்டுபோனார். 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தன. ஏகோஜியின் வெள்ளித் தகடு பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தாவுக்கு)ப் போயிற்று. ‘ஆழ்வார்’ புத்தர் நியூயார்க்கில் நிற்கிறார். ஊரோடு உறவு அற்றுப்போனவை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன.

ஊரோடு உறவு அறாதவை தெருவில் இருக்கின்றன. ஆண்டு விழாவான கந்தூரி தொடங்கும் நாளில் நாகூர் தர்காவின் கொடி நாகூரிலிருந்து புறப்படுவதில்லை, நாகப்பட்டினத்திலிருந்து புறப்படுகிறது. செட்டிப் பல்லக்கு, சாம்பிராணிச் சட்டி ரதம், கப்பல் வடிவில் ஒரு ரதம் என்று அலங்கார வண்டிகள் வரிசை கட்ட, தாரையும் தப்பட்டையும் முன்னே போக, பழைய துறைமுக நகரத்தின் தெருக்களைச் சுற்றிக்கொண்டு ஊர்வலம் வடக்கே திரும்பும். வழியெங்கும் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டுக் காத்திருக்கிற வீடுகள் உண்டு. கப்பல் ரதம் நெருங்கும்போது பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். ஊர்வலம் நாகூர் வந்து சேரும்போது இரவாகிவிடும். ஐந்து மினாராக்களிலும் கொடி ஏறும். மராத்திய மன்னர் கட்டிய 131 அடி மினாராவின் உச்சியில் கொடி விரியும்போது, கடலில் நிற்கிற படகுகளுக்கும் அது தெரியும்.